கேட்டவர் கேட்க வேண்டும்

தமிழ்ப் பத்திரிகைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு பத்தித் தலைப்பு, ‘படித்ததில் பிடித்தது’. படித்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பிடித்திருக்கிறது. எழுதியவர் மட்டும் அந்தத் தொடரில் எங்கும் இல்லை. இப்போது அதே வழியில் வேறு சில தலைப்புகளும் வந்துவிட்டன: ‘வாட்ஸ்அப்பில் வந்தது’, ‘முகநூலில் கண்டது’, ‘இணையத்தில் உலா வருவது’. எல்லாம் தானாக முளைத்துத் தானாக நடந்து வந்தவைபோல் நிற்கின்றன. வகுப்பில் இலக்கணம் நடத்துபவளுக்கு எழுவாய் காணாமல் போகிற இடம் உறுத்தும். தேடிப் போனால் பல நேரங்களில் அங்கே ஒரு பெண் இருக்கிறாள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, கைப்பேசி வெளிச்சத்தில், தன்னைப் போன்ற சிலர் படிக்கட்டும் என்று நாலு பத்தி எழுதியவள்.

அப்படி எழுதியவர்களில் ஒருத்தி என் தோழி. சிறு நகரமொன்றில் பள்ளி ஆசிரியை. கணவர் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள்களைக் கொடுக்க வெளியூர் போனாள். வேலை முடிய மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் ஓட்டலில் உட்கார்ந்து நெய்ரோஸ்ட் சாப்பிட்டாள். திருமணமான 19 ஆண்டுகளில் அவள் ஓட்டலில் தனியாகச் சாப்பிட்டது அதுதான் முதல்முறை. அன்றிரவு அதை, பெண்கள் மட்டும் 140 பேர் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள். கடைசி வரி: ‘ருசியாக இருந்தது.’

மூன்று மாதம் கழித்து அது ஒரு வார இதழில் வந்தது. அவள் பெயர் இல்லை; ‘இணையத்தில் ஒரு பெண்’ என்று போட்டிருந்தார்கள். ஆனால் அவள் என்ன பாடம் நடத்துகிறாள், மகன் எத்தனையாம் வகுப்பு, காரியம் எந்த மண்டபத்தில் நடந்தது என்பதெல்லாம் அப்படியே இருந்தன. கடைசி வரி மாறியிருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் கணவர் முகம் வந்து தொண்டையை அடைத்ததாக முடித்திருந்தார்கள். பெயரை எடுத்தவர்கள் அவளுடைய பசியையும் எடுத்துவிட்டார்கள். மாமியார் வீட்டில் யாரோ இதழைக் கொண்டுபோய்க் காட்ட, இது இன்னார்தான் என்று கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. அவர்களுக்குக் கோபம் நெய்ரோஸ்ட் மேல். இவளுக்குக் கோபம் அந்தக் கடைசி வரி மேல்.

இதழின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். பதில் சொன்னவர் மரியாதையாகவே சொல்லியிருக்கிறார். ‘இணையத்துல கிடந்ததுதானேம்மா. உங்க பேர்கூடப் போடலையே. உங்க நல்லதுக்குத்தான்.’

இதை இந்தக் கட்டுரையில் எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். எழுதியதைப் படித்தும் காட்டினேன். ‘ஊர் பேர் வேணாம்டி. நெய்ரோஸ்ட் இருக்கட்டும்’ என்றாள்.

‘கிடந்தது’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தெருவில் கிடக்கிற ஒரு கொலுசைக் கண்டால்கூட ‘யாரோடது?’ என்று நாலு வீட்டில் கேட்கிறவர்கள்தான் நாம். எழுத்து மட்டும் எப்படிக் கேட்பாரற்றுக் கிடக்க முடியும்? இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததும் அல்ல. 1741-ல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞர், தன் கடிதங்களைத் தன்னைக் கேட்காமல் அச்சிட்ட எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர்மீது வழக்குத் தொடுத்தார். கடிதம் எழுதப்பட்ட தாள் அதைப் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள சொற்களை அச்சிடும் உரிமை எழுதியவரைவிட்டுப் போகவில்லை என்று தீர்ப்பு வந்தது. என் தோழியின் பதிவு 140 பேருடைய கைப்பேசிக்கு வந்தது. அந்த 140 பேரும் கடிதம் பெற்றவர்கள். அச்சிடும் உரிமையை அவர்களில் யாரும் பெறவில்லை. அவர்களில் ஒருவரிடமிருந்து வாங்கியவரும் பெறவில்லை.

நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி, ஒருவர் சொந்தமாக எழுதிய எழுத்துக்கு, எழுதிய அந்தக் கணத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை. பக்கத்தில் வட்டத்துக்குள் எழுத்துப் போட வேண்டியதில்லை. புத்தகமாக வந்திருக்க வேண்டியதும் இல்லை. எழுதியவர் வாழ்நாள் முழுக்கவும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் அது நிற்கும். முகநூல் போன்ற நிறுவனங்களின் விதிகளை நீட்டி, ‘அங்கே போட்டாலே எல்லாருக்கும் கொடுத்த மாதிரிதான்’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்த விதிகளின்படி நாம் அனுமதி கொடுப்பது அந்த நிறுவனத்துக்கு. அதைப் படித்துவிட்டுப் புத்தகம் போடுகிறவருக்கு அல்ல.

மேற்கோளுக்கு இடமே இல்லையா என்றால், இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆய்வுக்காகவும் விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் நடப்புச் செய்தியை அறிவிப்பதற்காகவும் ஒருவர் எழுத்தை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. இத்தனை சொற்கள் வரை எடுக்கலாம், பத்தில் ஒரு பங்கு எடுக்கலாம் என்றெல்லாம் ஆய்வு மாணவர்களிடையே ஒரு கணக்கு உலவுகிறது. அந்தப் பிரிவில் அப்படி எந்த எண்ணும் கிடையாது. நோக்கமும் அளவும்தான் பார்க்கப்படும். இந்தியா 1928 முதல் அங்கம் வகிக்கும் பெர்ன் உடன்படிக்கை, மேற்கோளைப் பற்றி இன்னும் தெளிவாகப் பேசுகிறது: எடுக்கும் எழுத்து ஏற்கெனவே முறைப்படி பொதுமக்கள் முன் வந்திருக்க வேண்டும், எடுப்பது நேர்மையான வழக்கத்துக்கு ஒத்திருக்க வேண்டும், எங்கிருந்து, யாருடையது என்று சொல்ல வேண்டும். ஒரு பெண்ணின் முழுப் பதிவையும் எடுத்துப் பெட்டி கட்டிப் பக்கத்தை நிரப்புவது விமர்சனமும் அல்ல, ஆய்வும் அல்ல.

சட்டத்தின் 57-ஆம் பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் எழுதியவருக்கு இரண்டு உரிமைகள் மிஞ்சும் என்கிறது அது. ஒன்று, இது என்னுடையது என்று சொல்லிக்கொள்வது. இரண்டு, தன் மதிப்புக்குக் கேடு வரும்படி எழுத்தைச் சிதைத்தால் தட்டிக் கேட்பது. இந்தப் பிரிவு நம் நீதிமன்றங்களில் வலுப்பெற்ற முக்கிய வழக்குகளுள் ஒன்று ஒரு பெண் எழுத்தாளர் தொடுத்தது. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி, ‘ஆப் கா பண்டி’ என்ற தன் நாவலைத் திரைப்படமாக எடுத்தவர்கள் அதைத் திரித்துவிட்டார்கள் என்று வழக்காடினார். 1986-ல் தில்லி உயர் நீதிமன்றம், எழுதியவருக்கு இருக்கும் இந்த உரிமை காசு சம்பந்தப்பட்ட பதிப்புரிமைக்கும் மேலானது என்று கண்டது. அந்த நாவல், பிரிந்துபோன பெற்றோருக்கு நடுவில் நிற்கும் ஒரு சிறுவனைப் பற்றியது. பிரிந்து வாழும் பெண்ணைச் சினிமா எப்படிக் காட்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. என் தோழியின் கடைசி வரிக்கு நேர்ந்ததும் அதே குடும்பத்தைச் சேர்ந்த காரியம்தான். பெண் எழுதியதைத் திருத்துகிறவர்களுக்கு அவள் எங்கே அழ வேண்டும் என்பது முன்பே தெரிந்திருக்கிறது.

ஆனால் சட்டம் வேலி மட்டும்தான். வேலிக்கு உள்ளே நடந்துகொள்ளும் முறையை அது சொல்லித் தராது. முழுப் பதிவையும் எடுத்தது தவறு என்று சட்டம் சொல்லும். இரண்டே வரியை எடுத்து, பெயரும் தேதியும் போட்டு, ஆய்வுக்கட்டுரையில் ஒருவர் மேற்கோள் காட்டினால் சட்டம் பேசாமல் இருந்துவிடும். அந்த இரண்டு வரி ஒரு பெண்ணின் குடும்பத்தைப் புரட்டிப்போட்டுவிடலாம்.

பேச்சுக்கு எப்போதும் ஓர் இடமும் ஓர் ஆளும் உண்டு. குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது பேசியதைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மாமனார் காதில் விழப் பேச மாட்டோம். குழாயடியும் தெருதான், திண்ணையும் தெருதான். இரண்டும் பொது இடம்தானே என்று வாதிடுகிறவருக்குத் தெருவைப் பற்றி எதுவும் தெரியாது. இணையத்தில் எழுதும் பெண்ணும் யார் படிப்பார்கள் என்று மனத்தில் ஒரு வட்டம் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறாள். அச்சு அந்த வட்டத்தை அழித்துவிடுகிறது. அவளால் அங்கே ஒரு பதிவை நீக்க முடியும். அச்சிட்ட ஆயிரம் பிரதிகளில் அவளால் எதையும் நீக்க முடியாது. 2018-ல் கேசி ஃபீஸ்லர், நிக்கலஸ் புரொஃபெரெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ட்விட்டரில் எழுதுகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். பொதுவில் போட்ட தங்கள் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. தங்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது என்பதே பெரும்பான்மையோர் கருத்தாக இருந்தது. பூட்டு இல்லாத கதவு, வா என்ற அழைப்பு ஆகாது.

பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று ஆய்வு மாணவர்கள் நினைக்கிறார்கள். என்னிடம் வரும் ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் இப்போது ஸ்கிரீன்ஷாட்டுகள் வரிசையாக வருகின்றன, பெயர்மேல் மட்டும் கறுப்பு மையைப் பூசி. நான் அவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுப்பேன். பொதுவில் இருக்கும் பதிவு என்றால், அதில் ஒரு வரியை அப்படியே தேடுபொறியில் போட்டுப் பார்க்கச் சொல்வேன். பெரும்பாலும் எழுதியவரின் பக்கம் முதலாவதாக வந்து நிற்கும். சொல்லுக்குச் சொல் எடுக்கும் மேற்கோளே முகவரிதான். பெயரை மறைத்தே ஆக வேண்டும் என்றால் சொற்களையும் மாற்றி, சாரத்தை நம் வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் விஷயத்தில் சட்டமே இதைக் கட்டாயமாக்குகிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவு. அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை. பெயர் மட்டுமல்ல, ஆளைக் கண்டுபிடிக்க வழி செய்யும் எந்தத் தகவலும் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. பாடம், வகுப்பு, மண்டபம் என்று அடுக்கினால் பெயர் எதற்கு?

இதுவரை சொன்னதை வைத்து, அப்படியானால் எல்லாப் பெண்களின் பெயரையும் மறைத்துவிடலாம், அதுதான் பாதுகாப்பு என்று யாராவது முடிவு செய்தால், அதைவிடப் பெரிய கொள்ளை இல்லை.

தமிழ்த் துறைகளில் நாட்டார் வழக்காற்று ஆய்வேடு ஒன்றை எடுத்துப் பாருங்கள். அட்டையில் ஆய்வாளர் பெயர். உள்ளே நூறு தாலாட்டு, ஐம்பது ஒப்பாரி. கடைசியில் ‘தகவலாளர் பட்டியல்’: பெயர், வயது, சாதி, ஊர், தொழில். எந்தப் பாட்டை எந்தப் பெண் பாடினாள், எந்த வரி அவளாகக் கட்டியது என்பதைப் பல ஏடுகளில் கண்டுபிடிக்க முடியாது. அவளிடம் கேட்காத சாதியைப் போட்டுவிட்டு, அவளுக்கு உரிய பாட்டிலிருந்து அவளைப் பிரித்துவிட்டார்கள். பாடியவள் ‘தகவல்’ கொடுத்தவள் ஆகிவிட்டாள். எழுதுகோல் வைத்திருப்பவர் பக்கம் சாய்வது சட்டத்துக்கும் பழக்கம்தான். இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் ரோஸ்பரி பிரபு பேசிய பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுத்து எழுதிய நிருபர்களுக்கு, அந்த அறிக்கையின் பதிப்புரிமை உண்டு என்று 1900-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பேசியவர் பிரபுவாக இருந்ததால் அவர் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசியவள் களை எடுக்கிறவளாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் நூலக அலமாரிகள் சாட்சி.

ஏமி புரூக்மன் என்ற ஆய்வாளர் 2002-ல் எழுதிய ஒரு கட்டுரை இந்த முடிச்சை நேராகத் தொட்டது. இணையத்தில் எழுதுகிறவர்களை நாம் ஆய்வுப் பொருளாகப் பார்த்து, பாதுகாப்பு என்ற பெயரில் முகத்தை மூடுகிறோம். அவர்களோ சொந்தமாக ஒன்றைப் படைத்தவர்கள். தொழில்முறையில் இல்லாவிட்டாலும் கலைஞர்கள். தங்கள் படைப்புக்குப் பெயர் கேட்க உரிமை உள்ளவர்கள் என்பது அவர் வாதம். பாதுகாப்பும் பெயரும் ஒன்றோடொன்று மோதுகிற இடம் இது. எந்தப் பக்கம் போவது என்பதை எடுத்தாள்பவர் முடிவு செய்யக் கூடாது. எழுதியவளுக்கு எது ஆபத்து, எது பெருமை என்று அவளுக்குத்தான் தெரியும்.

புனைபெயரையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் ஒரு பெண் தனக்கு வைத்துக்கொண்ட பெயரைப் ‘போலி’ என்று சொல்லிவிடுகிறார்கள். மேற்கோள் காட்டும்போது ‘உண்மையான பெயர் என்ன?’ என்று துருவுகிறார்கள். துவரங்குறிச்சியில் இருந்துகொண்டு வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிய பெண்ணை நாம் சல்மா என்றுதான் அறிந்தோம். அந்தப் பெயர் இல்லாமல் அந்தக் கவிதைகள் வெளியே வந்திருக்காது. அதற்குப் பின்னால் இருக்கும் பெயரை எப்போது சொல்வது என்பது அவர் முடிவாக இருந்தது. சட்டமும் புனைபெயரில் எழுதியவருக்கு உரிமை உண்டு என்றே சொல்கிறது. நம் மரபோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாடல்களை எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் ‘யாரோ ஒருவர்’ என்று போடவில்லை. பாட்டிலேயே இருந்த அழகான தொடரை எடுத்து, அதையே பெயராக்கி, ‘ஆர்’ விகுதி சேர்த்து மரியாதையும் கொடுத்தார்கள். செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்தவர்கள். ‘இணையத்தில் ஒரு பெண்’ என்று எழுதுகிற நமக்கு முன்னோர் விட்டுச்சென்ற பாடம் இது.

சில ஆண்டுகளுக்கு முன், வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் சம்பளத்தைப் பற்றி அங்கங்கே எழுதியிருந்தவற்றைத் தொகுத்து ஒரு சிறு புத்தகம் கொண்டுவந்தேன். சம்பளம் வந்ததும் ஏ.டி.எம். அட்டை யார் கைக்குப் போகிறது என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. 34 பேரிடம் கேட்டேன். கேட்டேன் என்றால், ‘போடலாமா?’ என்று மட்டும் கேட்கவில்லை. எந்தப் பகுதியை எடுக்கிறேன், அதற்கு முன்னும் பின்னும் நான் என்ன எழுதியிருக்கிறேன், எத்தனை பிரதி அச்சாகிறது, எங்கெல்லாம் விற்கும், எந்தப் பெயரில் வர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். நான்கு மாதம் ஆனது. பதிப்பாளருக்குப் பொறுமை போய்விட்டது.

பதில்கள் நான் நினைத்ததைவிட விதவிதமாக வந்தன. தயங்குவார் என்று நான் நினைத்த வங்கி ஊழியர், முழுப் பெயரும் தந்தை பெயரின் முதலெழுத்தும் சேர்த்துப் போடச் சொன்னார். ‘முதலெழுத்து அப்பாவோடதுதான் மேடம், கணவரோடது இல்ல. மறக்காமப் போடுங்க.’ துணிச்சலாகப் பேசும் ஒரு பேராசிரியை வேண்டாம் என்றார். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம். ஒரு செவிலியர் தன் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தரச் சொன்னார். இன்னொருவர் தன் ஊர்ப் பேச்சில் ஒரு புள்ளியைக்கூட மாற்றக் கூடாது என்றார். இளம்பெண் ஒருத்தி முதலில் சரியென்றாள். மெய்ப்பு பார்க்கும் நேரத்தில் அழைத்து, ‘அக்கா, அதை எழுதினப்ப இருந்த ஆள் இல்ல நான் இப்ப. எடுத்திடுங்க’ என்றாள். எடுத்துவிட்டோம். பக்க எண்கள் எல்லாம் மாறின. ஐந்து பேர் பதிலே சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்ற பழமொழியைக் கல்யாணப் பேச்சில் பெண்கள்மேல் போதுமான அளவு பயன்படுத்தியாகிவிட்டது, அச்சகத்திலும் வேண்டாம். அந்த ஐந்தையும் விட்டுவிட்டேன்.

ஒருவர் இறந்துபோயிருந்தார். குழந்தைகள் இல்லை, பெற்றோரும் இல்லை. அவர் எழுதியது அந்தத் தொகுப்பிலேயே மிகக் கூர்மையானது, தன் கணவரைப் பற்றியது. இங்கேதான் சட்டம் எனக்குப் பெரும் அதிர்ச்சி கொடுத்தது. பதிப்புரிமையும் சொத்து. உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்து யாருக்குப் போகும் என்பதை 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. அவளாகச் சம்பாதித்தது என்றால், முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும். அவர்கள் இல்லையென்றால் கணவருடைய வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் அவளைப் பெற்ற தாய் தந்தைக்கு. அதாவது, ஒரு பெண் தன் கணவர் சம்பளத்தைப் பிடுங்கியதைப் பற்றி எழுதிவிட்டு இறந்தால், அந்த எழுத்தை அச்சிடலாமா கூடாதா என்று சொல்லும் உரிமை அந்தக் கணவரிடம் போகிறது. சம்பளத்தைப் பிடுங்கியவர் கைக்கே, பிடுங்கினார் என்ற வாக்கியமும் சொத்தாகச் சேர்கிறது.

நான் அவரிடம் கேட்கவில்லை. அந்த எழுத்தை அச்சிடவும் இல்லை. இறந்தவரின் தங்கையிடம் பேசினேன். ‘அக்கா இருந்திருந்தா வேணாம்னு சொல்லியிருக்க மாட்டா. ஆனா போடுன்னும் சொல்லலையே’ என்றார். அதற்கு மேல் நான் எதையும் சொல்ல முடியாது. எழுதுகிற பெண்கள், வீடு நிலம் இல்லாவிட்டாலும், ஒரு தாளில் உயில் எழுதி, இரண்டு பேரைச் சாட்சிக்குக் கையெழுத்துப் போட வைத்து, தங்கள் எழுத்து யாரிடம் போக வேண்டும் என்று குறித்துவையுங்கள் என்று கூட்டங்களில் அன்றுமுதல் சொல்லிவருகிறேன். சிலர் சிரிக்கிறார்கள். நான் எழுதிவைத்துவிட்டேன்.

இவ்வளவு கேட்டுக்கொண்டிருந்தால் அதிகாரத்தில் இருப்பவர்களை எப்படி விமர்சிப்பது என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. 2000-க்குப் பிறகு பெண் கவிஞர்கள் உடலைப் பற்றி எழுதியபோது, குட்டி ரேவதியின் ‘முலைகள்’ போன்ற தொகுப்புகள் வந்தபோது, மேடைகளிலும் பத்திரிகைகளிலும் என்னென்ன பேசினார்கள் என்பது நமக்கு நினைவிருக்கிறது. அந்த வேலை இப்போது இணையத்தில் நடக்கிறது. மேடையும் பதவியும் வாசகர் கூட்டமும் உள்ள ஒருவர், எல்லோரும் பார்க்கட்டும் என்று பொதுவில் எழுதியதை மேற்கோள் காட்ட அவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை. பெயர், தேதி, சொன்ன சொற்கள் மாறாமல், முன்பின் வெட்டாமல் எடுத்துவைத்து விமர்சிக்கலாம். நியாயமான எடுத்தாளலுக்குச் சட்டம் இடம் வைத்திருப்பதே இதற்காகத்தான். ஓர் அமைச்சரையும் அரைத்தூக்கத்தில் எழுதும் ஒரு பெண்ணையும் ஒரே தராசில் வைப்பது சமத்துவம் ஆகாது. மேற்கோள் வெளிவந்தால் அதன் விலையை யார் கொடுப்பார் என்று பார்க்க வேண்டும். விலை கொடுக்கப்போகிறவரிடம் கேட்க வேண்டும்.

தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினைக்கு இரண்டு பொருள். காதால் கேட்பதும் கேள்வி, வாயால் கேட்பதும் கேள்வி. இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, பெண்கள் சொல்வதைக் கேட்கிறோம் என்று பெருமையாகச் சொல்லி நூற்றுக்கணக்கான பக்கங்கள் அச்சிட்டுவிட்டோம். இரண்டாவது வேலை பாக்கியிருக்கிறது.

கேட்பதோடும் முடிவதில்லை. எழுத்தைத் தந்தவருக்கு ஒரு பிரதி போக வேண்டும். அந்தத் தொகுப்பு வந்ததும் ஒவ்வொருவரிடமும் முகவரி கேட்டேன். ஒருவர் பள்ளி முகவரி கொடுத்தார். ஒருவர் தங்கை வீட்டு முகவரி. ஒருவர் தையற்கடை முகவரி. ‘அங்க வெச்சிட்டா நான் ரவிக்கை வாங்கப் போறப்ப எடுத்துக்குவேன்’ என்றார். வீட்டு முகவரி கொடுத்தவர்கள் பதினொரு பேர்தான். மற்றவர்களுக்கு அவர்கள் சொன்ன இடத்துக்கு, உறையில் புத்தகத்தின் பெயர் எழுதாமல் அனுப்பினோம்.